உப்புக் கணக்கு

ஓடப் போகுமுன் ஐம்பத்தெட்டு கிலோ எழுநூறு.
வந்த பின் ஐம்பத்தேழு நூறு.
வழியில் குடித்தது அரை லிட்டர்.
ஆக, இரண்டு லிட்டர் நூறு மில்லி
கோட்டையூர்ச் சாலையில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

பகலில் அடுத்தவர் ரத்தத்தில்
சோடியம் பார்ப்பது என் வேலை.
நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால்
சிவப்பு மையில் அடிக்கோடு.
என் சோடியம் விடியுமுன்
புருவத்தில் பொரிந்து நிற்கிறது.
அதற்குக் கோடு போட ஆளில்லை.

'சென்னையில மேடே கிடையாது, பூராம் மட்டம்,
சுலபமா ஓடிருவீக' என்கிறான் வயிரவன்.
லேபில் ரிப்போர்ட் அச்சடிப்பவன்,
ஞாயிற்றுக்கிழமைகளில்
தண்ணீர்க் கேனோடு மொபெட்டில் பின்னால் வருபவன்.
மட்டத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?
ஏற்றத்தில் ஒரு தசை உழைக்கும்,
இறக்கத்தில் வேறொன்று.
மட்டத்தில் முதல் அடி முதல் கடைசி அடி வரை
அதே தசை,
மாற்றிவிட ஆள் வராத இரவு ஷிப்ட் மாதிரி.

காரைக்குடியும் மட்டம்தான்.
மேடு என்று இருப்பது ரயில்வே மேம்பாலம் ஒன்று.
அதில் ஏறி இறங்கி
காலுக்குக் கொஞ்சம் பேச்சு மாற்றிக் கொடுப்பேன்.

வேகத்துக்கு ஒரு சுவர் இருக்கிறது.
ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்கட்டு,
நடுவே ஒரே வீட்டின் பக்கச் சுவர்.
டேப் வைத்து அளந்தேன்: நூற்றுப் பதினெட்டு மீட்டர்.
எட்டு முறை பாய்ச்சல், எட்டு முறை நடை.
மூன்றாம் நாள் அந்த வீட்டுக் காவலாளி கேட்டார்,
'எதைத் தொலைச்சீக?'
'ரெண்டு நிமிஷம்' என்றேன்.
'கண்ணுல பட்டா எடுத்து வைக்கிறேன்' என்றார்.

இங்கே சித்திரை வெயில்
வேர்வையை வேர்த்த இடத்திலேயே வாங்கிக்கொள்ளும்.
கடலோரக் காற்று அப்படியில்லை, ஏற்கெனவே வயிறு நிறைந்தது.
அதற்காகத்தான் ஐப்பசி மழைக்கு மறுநாளாகப் பார்த்து,
கண்மாய் ததும்ப,
ஊரே இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்திருக்கும்போது
ஓடிப் பழகுகிறேன்.
போக இடமில்லாத வேர்வை
சட்டையில் இறங்கி, காலுறையில் இறங்கி,
ஷூவுக்குள் சளக் சளக்கென்று
என்னோடு கூட ஓடிவரும்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு, முப்பத்திரண்டு கிலோமீட்டர்.
கானாடுகாத்தான் தாண்டித் திரும்பும்போது
திட்டத்தைவிட ஏழு நிமிஷம் முந்தி.
ஏழு நிமிஷத்தையும் ஏழு பவுன் மாதிரி
நெஞ்சுக்குள் முடிந்து வைத்துக்கொண்டு ஓடினேன்.
இருபத்தாறில், கோட்டையூருக்குச் சற்று முன்,
அந்தப் புழுக்கத்தில்
கையில் மயிர் சிலிர்த்தது.
குளிர்கிறது.
தாளில் வந்திருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.
என் கை என்பதால் இன்னும் நூறடி ஓடினேன்.
பிறகு ஒரு கல்வெட்டுப் பாலத்தில் உட்கார்ந்தேன்.
சரியாகச் சொன்னால், உட்கார வைத்தது.

வயிரவன் கேனைத் தலையில் கவிழ்த்தான்.
உப்பும் எலுமிச்சையும் கரைத்ததை
மடக்கு மடக்காக எண்ணிக் கொடுத்தான்.
'ரிப்போர்ட் சரியில்ல, உமையா அக்கா'
என்று மட்டும் சொன்னான்.
மீதி ஆறு கிலோமீட்டர் மொபெட்டில்.
பதினோரு நிமிஷம்.
காற்று முகத்தில் அடித்தது. அழுகை வந்தது,
அதிலும் உப்பு.

அதற்குப் பிறகு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து விநாடி
விட்டுக்கொடுத்துவிட்டேன்.
சாம்பிள் குழாயில் ஒட்டும் லேபிள் ஒன்றை
மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறேன்:
உமையாள், 44, பெண், மெதுவாக.

இது கடைசி வாரம். ஓடக் கூடாது.
பத்து மாதத்தில் கடினமான பாடம் இதுதான்.
கால் படுக்கையில் தானாக உதைக்கிறது.
நாளை பல்லவன்,
நான் வழக்கமாக மேம்பாலத்தில் இருக்கும் நேரத்தில்.
'எத்தன மணி நேரத்துல முடிப்பீக?' என்றான் வயிரவன்.
'எடை பாத்துட்டுச் சொல்றேன்.'

எடை மெஷினைப் பையில் வைத்தேன்.
பை கனத்தது. எடுத்து வெளியே வைத்தேன்.
விளக்கை அணைத்தேன்.
எழுந்து போய், இருட்டிலேயே,
மறுபடி உள்ளே வைத்தேன்.